இத்திரி வெள்ளம்

அந்தப் பெண் கையில் தந்த தாளில் என் கண் முதலில் போய் விழுந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். எட்டாம் கிளாஸில் தோற்று நிறுத்தியவன் நான். எழுத்து எழுத்தாகத்தான் எனக்குப் போகமுடியும். கண்ணாடியை வேறு வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். தாளை எட்டப் பிடித்து, வெயிலுக்குச் சாய்த்து, விரல் வைத்து மேலிருந்து வாசித்தேன். காட்சி நாற்பத்தொன்று. பகல். மழை. வயிற்றில் குண்டடிபட்ட ததேயுஸ் சேற்றில் மல்லாந்து கிடக்கிறான். வானத்தைப் பார்க்கிறான். கண்ணில் பயமில்லை. அதற்குக் கீழே அவன் பேசுவதாக ஒரு வரி: வெள்ளம்... வெள்ளம்... வெள்ளம் வருது.

பேரைக்கூட மாற்றவில்லை.

"இத யாரு எழுதுனது?" என்று கேட்டேன்.

"டைரக்டர் சார்தான் ஐயா. ஏன், தப்பா இருக்கா?" என்றாள். ரஷ்மி என்று பேர். உதவி டைரக்டராம், மெட்ராஸ்காரி. தலையில் தொப்பி, கழுத்தில் விசில். காலையிலிருந்து நூறு பேரை அதட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். நிஜப் பட்டாளத்துக்காரர் என்கிற மரியாதை. காரணமில்லாமல் மரியாதை காட்டுகிறவர்களிடம் எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.

"அவன் இப்பிடி ஒண்ணும் பறையல்ல" என்றேன்.

"வேலூர் ஏகாம்பரம் ஐயா சொன்னாரே. சாகுறப்போ வெள்ளம் வெள்ளம்னு கத்திட்டே இருந்தாராம். போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கோம்."

ஏகாம்பரம் உயிரோடு இருப்பான் என்று நான் நினைத்ததேயில்லை.

"இத எப்ப எடுப்பிய?"

"பதினொரு மணிக்கு. அந்த அம்மா வந்ததும் ஆரம்பிச்சிடுவோம். அவங்களை முன்னாடி உட்கார வெச்சுத்தான் எடுக்கணும்னு சார் சொல்லிட்டார்."

அப்போது மணி பத்தரை.

இரணியல் ஸ்டேஷனுக்கு மேற்கே தரிசாய்க் கிடந்த வயலை யாழ்ப்பாணம் ஆக்கி வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ ஆறு பனைகளை வெட்டிக் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். வேரில்லாத பனை, காற்றடித்தால் மொத்தமாக ஆடியது, பின்னால் கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு கிணறு வைத்திருந்தார்கள், தெர்மோகோலில். அதன் சுவரில் சாய்ந்து போன் பேசிய ஒருத்தன் சுவரோடு உள்ளே போகப் பார்த்தான். வரப்போரத்தில் இரண்டு தண்ணீர் லாரி நின்றது. அதிலிருந்து குழாய் போய், உயரமான கம்பத்தில் ஏறி, மழையாகக் கொட்டுமாம். எனக்கு ஒரு குடையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுத் தந்து, மூடி உடைக்காத ஒரு குப்பி வெள்ளத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளம் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்கு அதுதான் பேர். ஆற்றில் பெருகி வருவதும் வெள்ளம்தான். எந்த வெள்ளம் என்று கேட்கிற ஆளுக்குத் தெரியும். வடக்கே போனால் தெரியாது. நானும் ததேயுஸும் பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு வரிசையில் அவன் வெள்ளம் கேட்டான். பரிமாறிய மதுரைக்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்குடா வெள்ளம், ஊரை அடிச்சிட்டுப் போகவா?" என்று கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றைக்கே நாங்கள் இரண்டு பேரும் ஹிந்தியில் 'பானி' என்று கேட்கப் படித்துக்கொண்டோம். ஏழு வருஷம் பானி என்று கேட்டவன், வயிற்றில் குண்டு வாங்கிய பிறகு எங்கள் கடியப்பட்டணத்துப் பேச்சுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

யாரிடமும் சொல்லிப் புரியவைக்கிற விஷயமில்லை இது. ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த அம்மா என்று ரஷ்மி சொன்னது வியாகுலம்மாளை. ததேயுஸின் பெண்சாதி. கடியப்பட்டணத்தில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். அமைதிப்படையில் போன ததேயுஸ் எண்பத்தெட்டு மார்ச்சில் இலங்கையில் செத்தான். நான் திரும்பி வந்தேன். அவனுடைய தகரப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு போய் அவள் வீட்டில் இறக்கியது நான்தான். மூன்று மாதப் பிள்ளை டிஜோவை மடியில் போட்டுக்கொண்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கஷ்டப்பட்டானா அண்ணே?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல. ஒரு சத்தம் இல்ல. ஒறங்குன மாதிரி போனான்."

அந்தச் சொல்லைத்தான் அவள் முப்பத்தேழு வருஷமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மீன் விற்கப் போன இடத்தில், கோயில் முற்றத்தில், கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றும்போது, யார் கேட்டாலும் அதையே சொல்வாள். ஒரு சத்தம் இல்லியாம், ஆன்ட்ரூசண்ணன் பக்கத்திலேயே நின்னிருக்கு. ஆன்ட்ரூசண்ணன் என்று அவள் சொல்வது என்னைத்தான். ததேயுஸின் அம்மை சாகக் கிடந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன். வியாகுலம் கரண்டியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். கிழவி ஒரு வாய் இறக்கிவிட்டு, "எம் மவனுக்கு யாருட்டி கடைசி வெள்ளம் குடுத்தா?" என்று கேட்டாள். வியாகுலம் கொஞ்சமும் தயங்கவில்லை. "அவனுக்கு அதுக்கு நேரம் இருக்கல்ல அம்மா. தாகம் எடுக்கதுக்கு முன்னேயே போயிட்டான். அண்ணன்கிட்ட கேளுங்கோ." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். கிழவி அதன்பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

இப்போது ஏகாம்பரம் என்கிற வேலூர்க்காரன் வாயைத் திறந்திருக்கிறான். அவன் பேரில் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் அன்றைக்கு எங்கள் ஆறு பேருக்கும் தலைவன், நல்லவன். அவனுக்கு நான் சொன்னதை அவன் இவர்களிடம் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான்.

அன்றைக்கு மழை கிடையாது. இந்த வயலில் இருக்கிற மாதிரிச் சேறும் கிடையாது. செம்மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த ஒரு வெங்காயத் தோட்டம். உச்சி வெயில். சினிமாவில் போர் என்றால் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். நான் பார்த்த போரில் பாதிக்கு மேல் குப்புறக் கிடப்பதுதான். எறும்பு கடிக்கும், சொறிய முடியாது. நாங்கள் ஒரு மண்சுவருக்குப் பின்னால் அப்படித்தான் கிடந்தோம். முன்னால் போன ததேயுஸ் கிணற்றுக்குப் பக்கத்தில் விழுந்தான். சுவரிலிருந்து பதினைந்து எட்டு, பதினைந்து காலடி இருக்கும். எதிரே பனங்கூட்டத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். தலை தூக்கினால் சுவரிலிருந்து மண் கண்ணில் தெறித்தது. கொஞ்ச நேரம் அவன் முனகினான். பிறகு வெள்ளம் கேட்டான். எப்படிக் கேட்டான் என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏகாம்பரம் என் பக்கம் உருண்டு வந்து, "உன்னத்தான்டா கூப்பிடுறான். உங்க ஊர்ப் பேச்சு ஒண்ணும் புரியல. என்ன கேக்குறான்?" என்றான். எங்கள் ஆறு பேரில் அந்தப் பேச்சு தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். தண்ணீர் கேட்கிறான் என்று சொல்லியிருந்தால் ஏகாம்பரம், நீ போ, நாங்கள் மறைப்புக்குச் சுடுகிறோம் என்று சொல்லியிருப்பான். நான் போகவில்லை என்றால் அவனே போயிருப்பான். அந்த மாதிரி ஆள். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"ஒண்ணுமில்ல. புத்தி பேதலிச்சு கெடக்கான். வெள்ளம் வருது வெள்ளம் வருதுன்னு பெனாத்துகான்."

வயிற்றில் குண்டு பட்டவனுக்கு வெள்ளம் கொடுக்கக் கூடாது என்று டிரெய்னிங்கில் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது உண்மை. அதை நான் எனக்கே சொல்லிக் கொடுத்தது பிறகுதான், ஊருக்கு வரும் வழியில், ரயிலில் வைத்து.

குடைக்கடியிலிருந்து எழுந்து டைரக்டரைத் தேடிப் போனேன். ஆதர்ஷ் என்று பேர், முப்பத்தைந்து வயதிருக்கும். முதல் படம் பேய்ப்படமாம், நன்றாக ஓடியதாம். கூடாரத்துக்குள் உட்கார்ந்து டிவி மாதிரி ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலிலேயே நிறுத்தி, ஒன்றும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தேன். அந்தக் கோபம் அவருக்கு இல்லை. எழுந்து நின்று நாற்காலியைத் தந்தார்.

"அந்த வரி வேண்டாம்" என்றேன்.

"எந்த வரி ஐயா?"

"வெள்ளம்னு ஒண்ணு எழுதி வச்சிருக்குதியளே. அத எடுத்திருங்கோ. அம்மேன்னு விளிச்சான்னு வையுங்கோ. இல்லேன்னா மாதாவேன்னு வையுங்கோ."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை. எனக்குப் புரியவைக்கிற ஆசையில் சிரித்தார். "ஐயா, அந்த ஒரு வரியிலதான் படமே நிக்குது. வெறும் போர்ப்படம் எடுத்தா இன்னைக்கு யார் வந்து பார்க்குறா? துப்பாக்கிச் சண்டைய செல்போன்லயே பார்த்துடுறாங்க. நான் மூணையும் சேர்க்குறேன். முதல் பாதி போர். இடைவேளையில இவர் சாகுறார். சாகும்போது வெள்ளம் வருதுன்னு சொல்றார். யாருக்கும் புரியல. ரெண்டாவது பாதி, பதினாறு வருஷம் கழிச்சு அவர் ஆவி கடற்கரைக்கு வருது. மனைவி கண்ணுக்கு மட்டும் தெரியுது. கடைசியில சுனாமி. அவர் அன்னைக்கே பார்த்துட்டார். போர், பேய், பேரழிவு, மூணும் ஒரே வார்த்தையில கட்டியிருக்கு."

"பாட்டு உண்டா?"

"மூணு இருக்கு."

"அன்னைக்கு மழை இல்ல."

"மழை இருந்தாத்தான் ஐயா திரையில அழகா இருக்கும். வெயில்ல சாவு எடுபடாது."

மழை பெய்திருந்தால் அவன் வாயைத் திறந்து வைத்திருந்தாலே போதுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "செரி, என்னமும் செய்யுங்கோ. அவ வர முன்னே இத எடுத்து முடியுங்கோ. பொம்பளப் பிள்ள. புருஷன் சாகுறத உக்காந்து பாக்கவா?"

"அவங்கதான் ஐயா பார்க்கணும்னு கேட்டாங்க" என்றார் ஆதர்ஷ். "முகத்தை ஒரு தடவ பார்த்துக்கிடுதேன், நான் தகரப் பெட்டியத்தானே பார்த்தேன்னாங்க."

வெளியே வந்தபோது டிஜோவின் பைக் வரப்பு முனையில் வந்து நின்றது. பின்னாலிருந்து வியாகுலம் இறங்கினாள். கோயிலுக்குப் போகும்போது உடுக்கிற வெள்ளைச் சேலை. என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது. இந்த இடத்துக்கு நான் வந்ததே அவளால்தான். நேற்று வீட்டு நடையில் வந்து நின்று, "நீங்க பக்கத்தில இருந்தா எனக்கு ஒரு தைரியம் அண்ணே" என்றாள். முப்பத்தேழு வருஷமாக அவளுக்கு மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

"நேரத்தே வந்தியளா? ஒண்ணும் திங்கல்லியே?" என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டிஜோ போனை எடுத்துப் பனைகளைப் படம் பிடிக்கப் போனான். அப்பனைப் பார்த்தறியாதவன். ஹீரோ அப்பன் சாயல்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சாயல் இருக்கத்தான் செய்தது. மேக்கப் வண்டியிலிருந்து அந்த நடிகன் இறங்கி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அதே மீசை, அதே சட்டை. வயிற்றில் சிவப்புச் சாயம் பூசி, பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. வியாகுலம் கழுத்து ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டாள். நடிகன் நேரே அவளிடம் வந்து குனிந்து அவள் காலைத் தொட்டான். அவள் கூசி, காலை இழுத்துக்கொண்டு, "எழும்பு மக்கா, சேலையில சாயம் பட்டிரும்" என்றாள்.

ரஷ்மி அவள் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டாள். "அவர் பேசுறது இதுல காதுக்குள்ளேயே கேக்கும்மா."

"அவன் ஒண்ணும் பேசல்லியே மோளே. ஒறங்குன மாதிரில்லா போனான்" என்றாள் வியாகுலம்.

ரஷ்மி என்னைப் பார்த்தாள். நான் லாரியைப் பார்த்தேன்.

"சினிமால்லா" என்று வியாகுலமே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "பேசாம செத்தா யாரு காசு தருவா. இல்லியாண்ணே?"

நடிகன் போய்க் கிணற்றுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். மழை இப்போது வேண்டாம், முதலில் வசனம் பார்த்துக்கொள்வோம் என்று மைக்கில் சொன்னார்கள். விசில் அடித்தது. தூங்கிப்போன மாதிரி மொத்த வயலும் ஓசையடங்கியது. நடிகன் தலையைத் தூக்கி, கண்ணை அகலத் திறந்து, வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வெல்லம்... வெல்லம்... வெல்லம் வருது."

லைட் பிடித்துக்கொண்டிருந்த நம்மூர்க்காரன் ஒருத்தன் அடக்க முடியாமல், "கருப்பட்டி வராதாலே?" என்றான். வரப்பில் நின்ற வேடிக்கைக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. வியாகுலமும் சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னண்ணே இது? சாகக் கெடக்கவன் சர்க்கரை வருதுங்கான்?"

"இவனுவளுக்கு ஒரு வகையில்ல" என்றேன். மெட்ராஸ் நாக்குக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்த ஒரு எழுத்து வராமலே போகட்டும், வெல்லமே வரட்டும், சாயங்காலம் வரை வெல்லமே வரட்டும். "வெயிலாட்டு இருக்கு வியாகுலம். போவோமா?"

"இருங்கோ அண்ணே. இப்பத்தானே வந்தேன்."

இன்னொரு தடவை எடுத்தார்கள். வெல்லம்தான். மூன்றாவது தடவையும் வெல்லம்தான். நடிகனுக்கு வேர்த்து, மேக்கப்காரி ஓடிப்போய் ஒற்றி எடுத்தாள். ஆதர்ஷ் கூடாரத்திலிருந்து எழுந்து வந்து நடிகன் பக்கத்தில் குத்தவைத்து என்னவோ சொன்னார். இரண்டு பேரும் நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார்கள். பிறகு ஆதர்ஷ் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை வந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரஷ்மி ஓடி வந்தாள். அவளோடு நீளக் கம்பில் மைக் கட்டிய ஒருத்தனும் வந்தான். "ஐயா, ஹீரோ சாருக்கு ளகரம் வரல. நீங்க ஒரே ஒரு தடவ சொல்லிக் காட்டிடுங்க. அதைப் பதிவு பண்ணி அவருக்குப் போட்டுக் காட்டிக்கிறோம்."

"எனக்குத் தொண்ட செரியில்ல."

"ஒரே ஒரு வார்த்தைதான் ஐயா."

"சொல்லிக் குடுங்கோ அண்ணே" என்றாள் வியாகுலம். "பாவம், பய எத்தன நேரம் வெயிலில கெடப்பான்."

மைக் வந்து என் வாய்க்கு முன்னால் தொங்கியது. மயிர் வைத்துத் தைத்த உறை, செத்த எலி மாதிரி. நூறு பேரும் என்னைப் பார்த்து நின்றார்கள். வியாகுலத்தின் காதில் இன்னும் அந்த ஹெட்போன் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, மொட்டையாக, "வெள்ளம்" என்றேன்.

"அப்படியில்ல ஐயா" என்று ஆதர்ஷ் தூரத்திலிருந்து மைக்கில் சொன்னார். "வாத்தியார் மாதிரி சொல்றீங்க. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே வேணும். கண்ண மூடிக்குங்க. அந்த இடத்துக்குப் போங்க."

அந்த இடத்துக்குப் போகச் சொல்கிறான். கண்ணை மூடியிருக்கக் கூடாது. எதற்காக மூடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூடினதும் செம்மண் மணத்தது. கன்னம் சுவரில் உரசியது. ஒரு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை. கொஞ்சம் மூக்கால் பேசுவான் அவன். கெஞ்சும்போது கடைசி எழுத்தை இழுப்பான், சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படி.

"ஆன்ட்ரூசே... இத்திரி வெள்ளம் தாலே. ஏலே ஆன்ட்ரூசே... இத்திரி போரும்லே."

கண்ணைத் திறந்தபோது வரப்பில் நின்ற நம்மூர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. லைட் பிடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்சம் தண்ணீர் தாடா, கொஞ்சம் போதும் என்று கெஞ்சுகிறான் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. புரியாதவர்கள் மற்றவர்கள்தான். ஆதர்ஷ் கையைத் தட்டிக்கொண்டே ஓடி வந்தார். "ஐயா, இதுதான். இதுதான் வேணும். இத்திரின்னா என்ன, ஏதாவது சாமியா? இருக்கட்டும், விளக்கம் வேண்டாம். வெள்ளம் வருதுன்னு இல்ல, வெள்ளம் தாலேன்னு கூப்பிடுறார். வெள்ளத்தையே கூப்பிடுறார். பத்து மடங்கு பயமா இருக்கே. ரஷ்மி, வசனத்த மாத்து. அந்தப் பேரும் இருக்கட்டும். மழையோட போயிடலாம்."

ரஷ்மி அட்டையில் எழுத ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி வியாகுலத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்து போய்விட்டாள். பெண்ணுக்குப் பெண் என்னவோ தெரிந்திருக்கும்.

வியாகுலம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். வயரைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். வலையைச் சுருட்டி வைக்கிற மாதிரி, அவசரமில்லாமல். என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எவ்வளவு நேரம் கெடந்தான்?"

பொய் சொல்ல வாய் இருந்தது. சொல்லவில்லை.

"ஒரு மணிக்கூர் இருக்கும்."

"எம்புட்டுத் தூரம்?"

"பதினஞ்சு எட்டு."

"ஒங்ககிட்ட வெள்ளம் இருந்துதா?"

"இருந்தது. குப்பி நெறய இருந்தது."

வயிற்றில் குண்டு பட்டவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. எதிரே குழாயில் காற்று புஸ்ஸென்று இறங்கியது. கம்பத்தின் மேலே நின்றவன் கையை ஆட்டினான். அவள் இன்னும் ஒன்றுதான் கேட்டாள். சந்தையில் மீதி மீனைப் பற்றி விசாரிக்கிற குரல்.

"பின்ன அந்த வெள்ளம் என்னாச்சு?"

முப்பத்தேழு வருஷத்தில் நான்கூட என்னிடம் கேட்டதில்லை அதை.

"நான் குடிச்சேன்" என்றேன். "அங்ஙன கெடக்கும்போதே. எனக்கும் தாகமா இருந்தது."

விசில் அடித்தது. மழை என்று மைக்கில் கத்தினார்கள். லாரி உறுமியது. கம்பத்திலிருந்து தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து வயலின் ஒரு துண்டில் மட்டும் கொட்டியது. எங்கள் குடைமேல் வெயில், அங்கே மழை. நடுவில் கோடு போட்ட மாதிரி ஒரு ஈரத்தின் விளிம்பு. நடிகன் தலையைத் தூக்கினான். பையன் நன்றாகப் படித்துவிட்டான். ஒரு எழுத்து பிசகவில்லை. மூக்காலேயே பேசினான், கடைசி எழுத்தை இழுத்தான்.

"ஆன்ட்ரூசே... இத்திரி வெள்ளம் தாலே..."

வியாகுலம் குனிந்தாள். என் நாற்காலியின் கீழே, காலையில் கொண்டுவந்து வைத்த குப்பியை எடுத்தாள். அதன் மூடி இன்னும் உடைக்காமலே இருந்தது. சேலையில் அதைத் துடைத்தாள். என் கையை எடுத்து, விரல்களை விரித்து, குப்பியை அதில் வைத்து, விரல்களை மூடினாள். அவளுடைய கை சில்லென்று இருந்தது.

"போ" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் என்னை போங்கோ என்றுதான் சொல்லியிருக்கிறாள். போ என்றது அன்றைக்குத்தான். எங்கே போகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்குமோ என்னவோ, அவள் அதைக் கிணற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தூரத்தில் டிஜோ போனை உயர்த்திப் பிடித்து மழையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து நின்றேன். ஒரு எட்டு வைத்து நின்று, கண்ணால் அளந்தேன். பட்டாளத்தில் படித்த பழக்கம், தூரம் பார்த்தால் கண் தானாக அளக்கும். குடை நிழலிலிருந்து ஈரத்தின் விளிம்பு வரை எட்டுக் காலடி. அங்கிருந்து அவன் கிடக்கிற இடம் வரை ஏழு. யாரும் சுடவில்லை. அவன் மறுபடியும் என் பேரைச் சொன்னான். மேலேயிருந்து அத்தனை வெள்ளம் கொட்டிக்கொண்டிருந்தது, அவன் வாயைத் திறந்தே வைத்திருந்தான்.